கணக்குக் காட்டாத நேரம்

போன வைகாசியில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மாமி வடையைப் பிய்த்தபடியே கேட்டார்: "நீ மலையில ஏறிக் குடையோட குதிக்கிறியாம், மெய்யே? உனக்கென்ன விசரோ? பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

அதே மேசையில் என் கணவரும் இருந்தார். பதினொரு வருடமாக அவர் சனிக்கிழமைகளில் கரப்பந்தாட்டம் விளையாடுகிறார். கோடையில் சுற்றுப்போட்டி என்று பாசலுக்கும் ஜெனீவாவுக்கும் போய் நடுச்சாமத்தில் வீடு திரும்புவார். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு மாமியோ ஒரு மாமாவோ அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு அது விளங்கியே இருக்காது.

மாமியோடு எனக்குக் கோபமில்லை. இரண்டு இடத்தில் வேலை செய்து நாலு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு பின்னேரம்கூட அவருக்கென்று கிடைத்ததில்லை. அதனால் எனக்குக் கிடைத்திருப்பது யாரிடமிருந்தோ களவெடுத்ததாகத்தான் அவருக்குத் தெரியும். என் கோபமெல்லாம் அந்தக் கேள்வியை எப்போதும் ஒரே பக்கத்துக் கதிரைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டோடுதான்.

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் குதிப்பதில்லை. பாராகிளைடிங் என்று அதற்குப் பெயர். இங்கே டொச்சில் 'கிளைட்ஷிர்ம்' என்பார்கள்; சறுக்கும் குடை. துணியால் தைத்த இறக்கையைச் சரிவான புல்வெளியில் விரித்து, காற்றில் எழுப்பி, கொஞ்சத் தூரம் ஓடினால் கால் தரையை விட்டுவிடும். இயந்திரம் கிடையாது. வெயில் சூடாக்கிய நிலத்திலிருந்து எழும் காற்றுக்குள் வட்டமடித்து மேலே ஏறலாம். அந்தக் காற்று எழாவிட்டால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் பள்ளத்தாக்கில் இறங்கிவிட வேண்டியதுதான். சுவிஸில் இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். காற்றியக்கம், வானிலை, சட்டம், உபகரணம், பறக்கும் முறை என்று ஐந்து பாடங்களில் எழுத்துப் பரீட்சை. பிறகு செய்முறைப் பரீட்சை. இரவு வேலை முடித்துவந்து, குசினி மேசையில் டொச்சில் மேகங்களின் பெயர்களைப் பாடமாக்கினேன்.

நான் சென்ட் கேலனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். எண்பது வீத வேலை. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும். என் வேலை அட்டவணை பல கிழமைகளுக்கு முன்னரே வந்துவிடும். ஆனால் எந்த நாளில் பறக்கலாம் என்று இரண்டு மூன்று நாளைக்கு முன்னர்தான் ஓரளவு நம்பிச் சொல்லலாம். இந்த இரண்டு கணக்கும் பொருந்துவதில்லை என்பதுதான் வேலைக்குப் போகிற எந்தப் பறப்பவருக்கும் இருக்கிற முதல் பிரச்சினை. ஆணுக்கும் அதுதான். ஆனால் ஆணுக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த நாட்டில் பல ஊர்களில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். என் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னர் கதவைத் தட்டுவார்கள். நல்ல வசந்தகால நாளில் வெப்பக்காற்று பறக்கக்கூடியதாக எழத் தொடங்குவது பதினொரு மணியளவில். வாரநாளில் எனக்கு ஓய்வு கிடைத்து, வானமும் சரியாக இருந்து, மலைக்குப் போய்ச் சேர்ந்தால், இறக்கையை விரிக்கும் நேரமும் உருளைக்கிழங்கு அவிக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். பாடசாலையில் மதிய உணவு மேசை இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எந்தெந்தக் கிழமை என்று முன்கூட்டியே பதிய வேண்டும். நான் செவ்வாய்க்கிழமையைப் பதிந்தால் நல்ல காற்று வியாழக்கிழமை வரும். எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் அறை இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் எங்களுக்கு. அந்த நாளை விட்டால் அடுத்த பதினான்கு நாளுக்கு அழுக்குத்துணி.

பறத்தலின் விலையைக் கேட்பவர்கள் பிராங்கில் கேட்பார்கள். புது இறக்கை, இருக்கை, அவசரக் குடை எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். நான் பெரும்பாலானவற்றை இரண்டாம் கையாக வாங்கினேன். அந்த விலையைச் சேமித்துக் கட்டிவிடலாம். சேமிக்க முடியாதது, எந்த நாள் என்று முன்னரே சொல்லாமல் கிளம்பக்கூடிய நேரம். மலையேறிப் போய், காற்று சரியில்லை என்று இரண்டு மணித்தியாலம் புல்லில் உட்கார்ந்திருந்து, பறக்காமலே திரும்பக்கூடிய நேரம். வெளியில் இருந்து பார்த்தால் அது வீணாய்ப்போன நேரம். பெண்ணுக்கு வேலைக்குப் போகும் நேரத்தை விட்டுக்கொடுக்க இப்போது பலர் தயார், சம்பளம் வருகிறதே. உடற்பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் விடுவார்கள், உடம்பு மெலியுமே. வீணாக்க நேரம் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

நான் அதிகம் பறப்பது எபன்ஆல்ப் என்ற மலையிலிருந்து. 1,640 மீட்டர் உயரம். வாசராவன் வரை ரெயின், அங்கிருந்து கேபிள் கார். ஒரு நல்ல நாளில் மேலே வரிசையாக இறக்கைகள் விரிந்திருக்கும். பெண்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆண்களில் பாதிப்பேர் தகப்பன்மார். "இன்றைக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பகிடியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அனுமதி கொடுத்தவள் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய இறக்கையைக் காற்று தூக்கும் முன்னரே ஒரு பெண் அவரைத் தூக்கி மலையில் வைத்திருக்கிறாள்.

ஏன் பெண்கள் குறைவு என்று கேட்டால், பெண்களுக்குப் பயம் அதிகம் என்பார்கள். உடல் வலு குறைவு என்பார்கள். பிரித்தானியாவின் ஜூடி லெடன் ஹாங்கிளைடிங்கிலும் பாராகிளைடிங்கிலும் பெண்கள் உலகச் சாம்பியனாக இருந்தவர். இதே நாட்டின் யாயெல் மார்கெலிஷ் 2019 இல் பிரேசிலில் 531 கிலோமீட்டர் பறந்து பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். இயந்திரமில்லாமல், ஒரே மூச்சில். வலுவைப் பற்றி இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பொருள்களைப் பற்றிப் பேசுவோம். என் எடை 52 கிலோ. நான் வாங்கக்கூடிய விலையில் முதலில் கிடைத்த இறக்கை, எல்லாம் சேர்த்து 75 இலிருந்து 95 கிலோவுக்கு உரியது. எடை போதாவிட்டால் கொந்தளிப்பான காற்றில் இறக்கை எளிதாக மடியும். அதனால் முதல் வருடம் முழுவதும் ஐந்து லீற்றர் தண்ணீரைச் சுமந்துகொண்டு பறந்தேன். எனக்கு அளவான இறக்கை இரண்டாம் கையாகக் கிடைக்க ஒரு வருடம் எடுத்தது. சின்ன உடம்புக்காரர்கள் குறைவாக வாங்குகிறார்கள், அதனால் குறைவாகச் செய்கிறோம் என்று கடைக்காரர் சொன்னார். குறைவாகச் செய்வதால்தான் குறைவாக வாங்குகிறோம் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எபன்ஆல்ப் இருப்பது அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற கன்ரனில். சுவிஸில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971 இல்தான். இந்தக் கன்ரனின் ஆண்கள் அதற்குப் பிறகும் தங்கள் திறந்தவெளிச் சபையில் கை உயர்த்தி, பெண்களை உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக 1990 ஏப்ரலிலும் அப்படித்தான் சொன்னார்கள். அதே வருட நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தப் பெண்களுக்கு உள்ளூரில் வாக்களிக்க முடிந்தது. 1987 முடியும் வரை இந்த நாட்டின் திருமணச் சட்டத்தில் கணவனே குடும்பத்தின் தலைவன். வீட்டை நடத்துவது மனைவியின் கடமை. அவள் வேலைக்குப் போகக் கணவனின் சம்மதம் வேண்டும். சம்பளத்தோடு தாய்மை விடுப்பு 2005 இல் வந்தது, 14 கிழமை. தகப்பனுக்கு 2021 இல், 2 கிழமை.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் சனத்தில் சிலர், "இதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் பழக்கம், எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது" என்கிறார்கள். வெள்ளைக்காரர் சிலர், "உங்கள் பண்பாட்டில் பெண்களுக்கு இது கஷ்டம்தானே" என்று எனக்காகக் கவலைப்படுகிறார்கள். இருவருக்கும் ஒரே பதில். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு தாய் வீட்டில் இருப்பாள் என்று நினைத்துப் பாடசாலை மணியை அடித்தது யாழ்ப்பாணத்துப் பண்பாடு இல்லை. அந்தப் பண்பாட்டைத்தான் சுவிஸ் பெண்கள் 1991 யூன் 14 அன்றும் 2019 யூன் 14 அன்றும் வேலையை நிறுத்தி வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். 2019 இல் நானும் போனேன், கைக்குழந்தையோடு. இரண்டு பண்பாடும் பெண்ணின் நேரத்தைப் பொதுச்சொத்தாக நினைப்பதில் நல்ல ஒற்றுமையாக இருக்கின்றன.

நான் பறப்பதைக் கேள்விப்பட்டு ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் வந்தார். நல்ல பெண். என் சிறுவயதைக் கேட்டார். எட்டு வயது வரை வன்னியில் இருந்தேன், கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம், வானம் என்றால் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிற இடம் என்று சொன்னேன். அவருடைய கண் ஒளிர்ந்தது. "அப்படியானால் இப்போது பறப்பது ஒரு குணமாகுதல், அப்படித்தானே?" நான் இல்லை என்றேன். கிபிர் சத்தம் இன்றைக்கும் கனவில் வரும். பறந்து அது போகவில்லை. பறப்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். வேறு காரணம் இருக்க வேண்டுமே என்பது போல அவர் காத்திருந்தார். அகதிப் பெண்களுக்காக நிதி திரட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை. மற்றப் பெண்களுக்கு முன்மாதிரியாக இருக்க விரும்புகிறீர்களா? இல்லை. அந்தக் கட்டுரை வெளிவரவே இல்லை.

மலையில் நிற்கிற எந்த ஆணிடமும், எந்தக் காயத்தை ஆற்ற வந்தாய் என்று கேட்பதில்லை. பெண்ணின் மகிழ்ச்சி மட்டும் எதற்காவது பயன்பட்டாக வேண்டும். ஒன்றில் அவள் குணமாக வேண்டும், அல்லது பிறருக்கு ஊக்கம் கொடுக்க வேண்டும், அல்லது நல்ல தாயாகத் திரும்பி வர வேண்டும். "அம்மா சந்தோஷமாக இருந்தால் பிள்ளைகளும் சந்தோஷமாக இருப்பார்கள்" என்று என் தோழிகளே எனக்காக வாதாடுவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள்ளும் என் சந்தோஷம் பிள்ளைகளுக்கான சத்துணவாக மாறிவிடுகிறது. எனக்கு அந்த வாதாட்டம் வேண்டாம்.

அடுத்த கேள்வி ஆபத்தைப் பற்றியது. இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இதில் ஆட்கள் சாகிறார்கள். 1995 இல் பிரித்தானிய மலையேறி அலிசன் ஹார்கிரீவ்ஸ், ஒட்சிசன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய சில மாதங்களில், கே2 மலையில் புயலில் சிக்கி இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய் எப்படி அங்கே போகலாம் என்று பத்திரிகைகள் கேட்டன. அதே புயலில் ஆண்களும் இறந்தார்கள். அவர்களைத் தகப்பன்மாராக நிறுத்தி யாரும் விசாரிக்கவில்லை. ஆண் இறந்தால், பிடித்ததைச் செய்துகொண்டே போய்விட்டான் என்பார்கள். பெண் இறந்தால், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்பார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னர், சித்திரை மாதம். ஏழு கிழமையாகப் பறக்கவில்லை. ஒருவரோடு வேலை மாற்றி, இன்னொருவருக்கு ஞாயிறு இரவு வேலையை எடுத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமையைப் பெற்றேன். பிள்ளைகளைப் பார்க்கத் தங்கை தன் லீவு நாளைத் தந்தாள். காலையில் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். அல்ப்ஸின் தெற்குக்கும் வடக்குக்கும் இடையே வேறுபாடு 4 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டினால் ஃபோன் காற்று பள்ளத்தாக்குக்குள் பாயலாம், பறக்காதே என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அன்றைக்கு 4 ஐத் தாண்டியிருந்தது. மேலே போனேன். வானத்தில் மீன் வடிவ மேகங்கள். இரண்டு வயதான ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள், பையைத் திறக்காமலே கோப்பி குடிக்கப் போனார்கள். "நாளைக்கு வரலாம்" என்றார் ஒருவர்.

எனக்கு நாளைக்கு இல்லை. நான் ஓடினேன்.

ஐந்தாவது நிமிடத்தில் இறக்கையின் வலது பாதி மடிந்தது. நான் மலைப்பக்கம் திரும்பினேன். இடது கயிற்றைப் பிடித்தபடி, வலது கை அவசரக் குடையின் கைப்பிடியைத் தேடியது. இறக்கை சடாரென்று திறந்தது. இறங்குமிடத்தைத் தாண்டி, மாடு கட்டும் கொட்டகைக்குப் பின்னால் புல்லில் விழுந்து சத்தி எடுத்தேன்.

அன்றைக்கு நான் செய்தது பிழை. அதற்குப் பொறுப்பு நான்தான். ஆனால் ஏன் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரைவிட எனக்குத் துணிச்சல் கூட என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு நாளைக்கு இருந்தது. எனக்கு ஏழு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை. அதற்காக இரண்டு பேருக்குக் கடன்பட்டிருந்தேன். தங்கையிடம் போய், பறக்கவில்லை, உன் லீவு வீணாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த விளையாட்டில் உயிரைக் காப்பது, வேண்டாம் என்று திரும்பிப் போகிற நாள்கள்தான். திரும்பிப் போகிற நாளுக்கும் நேரம் வேண்டும். ஆபத்து என்று சொல்லி என் நேரத்தைச் சுருக்குகிறவர்கள் அந்த ஆபத்தைக் கூட்டுகிறார்கள். தாயின் உயிரைப் பற்றி அக்கறை இருந்தால் அவளுக்கு நாளைக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அதைச் சொல்பவர்கள் பெண்ணியவாதிகள். இது காசுள்ள பெண்களின் விளையாட்டு, இதில் என்ன விடுதலை என்கிறார்கள். பாதி சரி. நான் மலையில் நின்ற அந்த வியாழக்கிழமை தங்கையினுடையது. ஒரு பெண்ணின் நேரத்தை எடுத்து இன்னொரு பெண் பறந்தால், அந்த ஆண்களின் பகிடியில் நானும் சேர்ந்துகொண்டேன் என்றுதான் அர்த்தம். அதன்பிறகு தங்கையிடம் கேட்பதை நிறுத்தினேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டேன்.

மூன்று மாதம் சண்டை. "நான் உதவி செய்யிறன்தானே" என்றார் கணவர். உதவி வேண்டாம் என்றேன். உதவிக்கு ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் அவர் தொழிற்சாலையில் எண்பது வீதத்துக்குக் கேட்டார். முகாமையாளர், "உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தாராம். முதல் பிள்ளை பிறந்து நான் எண்பது வீதத்துக்கு இறங்கியபோது என் உடம்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு நாள் என்னுடையவை. எந்த நாள் என்று முதல்நாள் இரவுதான் சொல்வேன். அவர் அதற்கேற்றபடி தன் ஓய்வு நாளை மாற்றுவார். முடியாத நாளில் மதியச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்வதும் அவர் வேலை. தரை தொட்டதும் ஒரு செய்தி அனுப்புவேன். பறந்தாயா, இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. முதல் வருடம் பிள்ளைகள் பல மதியங்கள் முட்டைப்பொரியலும் பாணும் சாப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

போன கோடையில் அம்மாவை இறங்குமிடத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மா இந்த நாட்டில் பத்தொன்பது வருடம் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்தவர். நான் இறங்கி இறக்கையை மடிக்கும்வரை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விசர் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். "எனக்கு அப்பிடி ஒரு நாள் கிடைச்சிருந்தா நித்திரை கொண்டிருப்பன்" என்றார்.

இதை வாசிக்கிற தங்கைகளே, நீங்கள் பறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களில் சிலருக்கு அம்மாவைப் போல நித்திரைதான் தேவை. சிலருக்கு ரெயினில் ஏறிக் கடைசித் தரிப்பிடம் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். அதைக் கேளுங்கள். படிப்புக்காக, உடம்புக்காக, பிள்ளைகளுக்காக என்று காரணம் கட்டிக் கேட்காதீர்கள். திருமணத்துக்கு முன்னர் சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசுகிறபோது இதையும் பேசுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் என்னுடையது, அந்த நாளில் சமைப்பது யார்? பதில் சொல்லத் தயங்குகிறவரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மாமிக்கு அன்றைக்கே பதில் சொன்னேன். "அவையின்ர அப்பா பாக்கிறார், மாமி." மாமி என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்' ஒருநாள் எங்களுக்கும் கிடைக்க வேண்டாம். அவர்களுக்கும் கிடைக்காமல் போனால் போதும்.